ஓட்டமும் நிதானமும்

ஓடுவதற்கு எவருக்கும் ஆசிரியர் தேவையில்லை. நடக்கப் பழகிய சில மாதங்களிலேயே குழந்தை ஓடத் தொடங்கிவிடுகின்றது. மெதுவாக ஓடுவது மட்டும் அப்படித் தானாக வருவதில்லை. உடல் சற்றுப் பருத்துவிட்டதென்றோ, வைத்தியர் சொன்னாரென்றோ நாற்பது வயதில் ஓடத் தீர்மானிக்கும் ஒருவரைக் கவனித்தால் இது விளங்கும். விடியற்காலையில் புதுச் சப்பாத்தை அணிந்து படலையைத் திறந்து வெளியே வருபவர், பாடசாலை நாட்களில் நூறு யார் ஓடிய நினைவோடு புறப்படுகின்றார். தெருமுனைவரை உற்சாகத்துக்குக் குறைவில்லை. அடுத்த சந்தியில் மூச்சு வாங்குகின்றது. அதற்கடுத்த சந்தியில் விலாவிலே குத்து. பின்னர் இடுப்பிற் கையை வைத்துக்கொண்டு நிற்கின்றார். இரண்டு கிழமை இவ்வாறு கழிந்தபின், ஓட்டம் தமக்கு ஒத்துவராது என்ற முடிவோடு சப்பாத்தை மூலையில் வைத்துவிடுகின்றார்.

இவருடைய உடலிற் குறையொன்றும் இல்லை. ஓடிய வேகம் இவருக்குரிய வேகம் அன்று, அவ்வளவே. உடல் எந்த அளவுக்கு வருந்துகின்றது என்பதை ஓடும்போதே உணர்ந்து, அதற்கேற்ப வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் அமைத்துக்கொள்ளும் வித்தை ஒன்றுண்டு. பெயர்பெற்ற ஓட்டவீரர்கள் அதனை அரும்பாடுபட்டுக் கற்றார்கள். பொழுதுபோக்காக ஓடுபவருக்கு அது அவர்களினும் அதிகமாகத் தேவைப்படுகின்றது. ஏனெனில், "இன்று போதும், நிறுத்து" என்று சொல்லப் பயிற்சியாளர் எவரும் அவர் பக்கத்தில் நிற்பதில்லை.

இவ்வித்தையைச் சாதாரண மக்களிடையே பரப்பியவர்களுள் முன்னிற்பவர் நியூசிலாந்து தேசத்தவரான ஆதர் லிடியார்ட். 1917ஆம் ஆண்டிற் பிறந்த இவர் சப்பாத்துத் தொழிற்சாலையொன்றில் வேலைசெய்தவர். உடற்றொழிலியலைப் பல்கலைக்கழகத்திற் பயின்றவரல்லர். றக்பி ஆடிய பழக்கத்தினால் தம்மைத் திடகாத்திரமானவர் என்று எண்ணியிருந்த இவரை, வயதில் மூத்த நண்பர் ஒருவர் ஐந்தாறு மைல் தூர ஓட்டத்துக்கு அழைத்துச் சென்றார். நண்பர் இலகுவாக ஓடினார். லிடியார்டுக்கோ நெஞ்சு வெடித்துவிடும்போல் ஆயிற்று. முப்பது வயதை எட்டுமுன்னரே இந்த நிலையென்றால் முதுமையில் என்னவாகும் என்ற கவலை அவரைப் பற்றிக்கொண்டது.

அன்று தொடங்கித் தம்முடைய உடலையே ஆய்வுகூடமாக்கிக்கொண்டார். சில கிழமைகள் மிகக் குறைவாக ஓடிப் பார்த்தார். சில கிழமைகள் அளவுக்கு மிஞ்சி ஓடிப் பார்த்தார். வேகம் மிகும்போது உடல் உடைந்தது. தூரம் குறையும்போது முன்னேற்றம் நின்றது. 1950இல் ஒக்லாந்து நகரில் நடைபெற்ற பேரரசு விளையாட்டு விழாவில் மரதன் ஓட்டத்திற் பங்குபற்றும் அளவுக்கு அவர் தேறினார். பல ஆண்டுச் சோதனையின் பின் அவர் கண்ட முடிவு இதுதான்: கிழமைக்கு ஏறத்தாழ 100 மைல், ஆனால், மறுநாளும் அதேபோல் ஓடக்கூடிய களைப்போடு வீடு திரும்பும் வேகம். பயிற்சி வேறு, வதைப்பு வேறு என்பதை அவர் தம் மாணவர்க்கு ஓயாது வற்புறுத்தினார்.

அம்மாணவர்கள் உலகமெல்லாம் தேடித் திரட்டப்பட்டவர்கள் அல்லர். பெரும்பாலோர் அவருடைய சுற்றுவட்டாரத்து இளைஞர்களே. 1960ஆம் ஆண்டு செப்ரெம்பர் 2ஆந் திகதி, உரோமாபுரி ஒலிம்பிக் மைதானத்தில், ஏறத்தாழ ஒரு மணித்தியால இடைவெளிக்குள் அவர்களுள் இருவர் தங்கப் பதக்கம் பெற்றனர். பீற்றர் சினெல் 800 மீற்றர் ஓட்டத்திலும், மரே ஹால்பேர்க் 5,000 மீற்றர் ஓட்டத்திலும் வென்றார்கள். சில நாட்களின் பின் மரதன் ஓட்டத்தில் பரி மகீ வெண்கலப் பதக்கம் பெற்றார். இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் 800 மீற்றர் ஓட்டத்துக்காகப் பயின்ற சினெலும், ஒக்லாந்துக்கு மேற்கேயுள்ள மலைப்பாதையில் 22 மைல் தூரம் ஓடிப் பயின்றவர் என்பது பிறநாட்டுப் பயிற்சியாளரை வியக்கவைத்தது.

லிடியார்ட் எழுதிக்கொடுத்த பயிற்சி அட்டவணைகளில் ஒரு புதுமை இருந்தது. இத்தனை நிமிடத்தில் இத்தனை மைல் என்று கட்டளையிடுவதற்குப் பதிலாக, கால் முயற்சி, அரை முயற்சி, முக்கால் முயற்சி என்று அவர் குறித்தார். காலும் அரையும் முக்காலும் கொண்டு நெல்லையும் பாலையும் அளந்து பழகிய நம்மவர்க்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை. இதில் ஒரு நுட்பம் உண்டு. ஒருவருடைய அரை முயற்சி மற்றொருவருக்கு முழு முயற்சியாகலாம். ஒரே ஆளுக்கும் சமதரையில் அரை முயற்சியாக இருக்கும் வேகம், எதிர்காற்றிலோ ஏற்றத்திலோ முக்கால் முயற்சியாகிவிடும். மணிக்கூடு இந்த வேறுபாட்டை அறியாது. ஓடுபவரின் உடல் அறியும்.

சாதாரண மக்களின் கதை 1962இல் தொடங்குகின்றது. அந்த ஆண்டு ஒக்லாந்தில் மெதுவோட்டக் கழகம் ஒன்று லிடியார்டின் துணையோடு அமைக்கப்பட்டது. அதிற் சேர்ந்தவர்கள் பதக்கம் நாடியவர்களல்லர். தொந்தி வைத்த வியாபாரிகள், நடுவயது கடந்த உத்தியோகத்தர்கள், இருதய நோயிலிருந்து தேறியவர்கள். இருதய நோயாளர் கட்டிலைவிட்டு அசையாதிருப்பதே நன்று என்று வைத்தியர் பலர் கருதிய காலம் அது. இத்தகையோரை வேகமாக ஓடவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஆகவே அவர்களுக்கு ஒரேயொரு விதி விதிக்கப்பட்டது: கூட ஓடுபவரோடு தடையின்றிப் பேசக்கூடிய வேகத்தில் ஓடவேண்டும், பேச்சுத் தடைப்பட்டால் வேகத்தைக் குறைக்கவேண்டும்.

அதே ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் ஒறிகன் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் பில் பவர்மன் நியூசிலாந்துக்கு வந்தார். அவருக்கு அப்போது வயது 51. ஓட்டவீரரைப் பழக்கும் தமக்கு ஓட்டம் புதிதன்று என்ற எண்ணத்தோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை இக்கழகத்தாருடன் புறப்பட்டார். அரை மைல் போவதற்குள் மூச்சிரைத்துப் பின்தங்கிவிட்டார். அவருக்குத் துணையாகத் தம் வேகத்தைக் குறைத்துக்கொண்டு பேசியபடியே வந்தவர், எழுபது வயதைக் கடந்த, முன்னர் இருதய நோய் கண்ட ஒருவர். பவர்மன் வெட்கினார், ஆயினும் கற்றுக்கொள்ளத் தயங்கவில்லை. ஊர் திரும்பியதும் தம்முடைய நகரத்தாருக்கு மெதுவோட்ட வகுப்புகளை நடத்தத் தொடங்கினார். 1967இல் இருதய வைத்தியர் ஒருவருடன் சேர்ந்து அவர் எழுதிய நூல் அமெரிக்கா முழுவதும் பரவியது. பேச்சைக் கொண்டு ஓட்டத்தை அளக்கும் முறையும் அதனோடு பரவியது.

பேச்சுக்கும் ஓட்டத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். இதமான வேகத்தில் ஓடும்போது, தசைகள் தமக்கு வேண்டிய சக்தியைப் பிராணவாயுவின் உதவியாற் கொழுப்பையும் வெல்லத்தையும் எரித்துப் பெறுகின்றன. வேகம் ஓர் எல்லையைத் தாண்டியதும் வெல்லம் மிக விரைவாகச் சிதைக்கப்பட, குருதியில் அமிலத்தன்மை ஏறத் தொடங்குகின்றது. குருதியிலுள்ள இருகாபனேற்று அவ்வமிலத்தைச் சமப்படுத்த முயல்கையிற் காபனீரொட்சைட்டு மிகுதியாக உண்டாகின்றது. அதனை வெளியேற்றுவதற்காகச் சுவாசம் சட்டென்று வேகமடைகின்றது. பேசுவதற்கோ மூச்சை இழுத்து அடக்கி, சிறிது சிறிதாக வெளியே விடவேண்டும். இரண்டும் ஒருங்கே நடைபெற முடியாமையால் வாக்கியம் துண்டுபடுகின்றது. ஆய்வுகூடத்திற் குருதியைச் சோதித்துக் காணும் எல்லையை, வாய்ப்பேச்சு ஏறத்தாழச் சரியாகக் காட்டிவிடுகின்றது. தனியே ஓடுபவர் மனப்பாடமாகத் தெரிந்த பாடலொன்றின் இரண்டடியை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் போதும். தெருவிற் போகிறவர்கள் ஒருமாதிரிப் பார்க்கக்கூடும். அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

இவ்வளவு இலகுவாக ஓடினால் பயன் உண்டா என்ற ஐயம் பலருக்கு எழுகின்றது. வருந்தாமல் வலிமை வராது என்ற எண்ணம் மனிதரிடம் ஆழமாக வேரூன்றியுள்ளது. ஆனால், பேசக்கூடிய வேகத்தில் நெடுநேரம் ஓடும்போதே இருதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதலான குருதியைத் தள்ளப் பழகுகின்றது. தசைகளில் நுண்ணிய குருதிக் குழாய்கள் பெருகுகின்றன. சக்தியை ஆக்கும் இழைமணிகள் எண்ணிக்கையில் மிகுகின்றன. கொழுப்பை எரிக்கும் திறன் உயர்கின்றது. இன்னொரு காரணமும் உண்டு. இருதயமும் சுவாசமும் சில கிழமைகளிலேயே தேறிவிடும். எலும்பும் தசைநாணும் உறுதிபெற மாதக்கணக்காகும். மூச்சுத் தேறியதும் வேகத்தைக் கூட்டிவிடுபவருக்குக் கணைக்கால் எலும்பிலும் குதிகாலிலும் நோவு காண்பது இதனாலேயே.

முயற்சியின் உணர்வை எண்ணால் அளக்கலாம் என்று காட்டியவர் சுவீடன் தேசத்து உளவியலறிஞர் குன்னார் போர்க். 1960களில் அவர் அமைத்த அளவுகோல் 6இல் தொடங்கி 20இல் முடிகின்றது. 6 என்பது சும்மா இருக்கும் நிலை, 11 இலேசான முயற்சி, 13 சற்றுக் கடினம், 15 கடினம், 17 மிகக் கடினம், 20 இதற்குமேல் இயலாது என்னும் நிலை. ஆறில் தொடங்குவது விசித்திரமாகத் தோன்றலாம். ஓர் இளைஞர் சொல்லும் எண்ணைப் பத்தாற் பெருக்கினால் அவருடைய நாடித்துடிப்பு நிமிடத்துக்கு எத்தனை என்பது ஏறத்தாழக் கிடைக்குமாறு அவர் அதனை அமைத்தார். பேசிக்கொண்டு ஓடும் ஓட்டம் இந்த அளவுகோலில் 11க்கும் 13க்கும் இடையில் அமையும்.

இன்று நாடித்துடிப்பைக் காட்டும் மணிக்கூடுகள் மலிந்துவிட்டன. அவை பயனற்றவையல்ல, எனினும், அவற்றை நம்புகிறவர்கள் ஒன்றை அறிந்திருக்கவேண்டும். வயதை 220இலிருந்து கழித்தால் ஒருவருடைய உச்ச நாடித்துடிப்புக் கிடைக்கும் என்ற வாய்பாடு எங்கும் வழங்குகின்றது. அது பலருடைய சராசரி மட்டுமே. ஒரே வயதுடையோருக்கிடையே பத்துப் பன்னிரண்டு துடிப்புகள் கூடியோ குறைந்தோ இருப்பது சாதாரணம். பிழையான உச்சத்தைக் கொண்டு வகுத்த எல்லைகளும் பிழையாகவே முடியும்.

வெப்பநாடுகளில் வாழ்வோருக்கு முயற்சியளவு மேலும் முக்கியமானது. ஓடும்போது உடல் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ முக்காற் பங்கு வெப்பமாகவே வெளிப்படுகின்றது. அதனை வெளியேற்றக் குருதியின் ஒரு பகுதி தோலுக்குச் செல்கின்றது. வியர்வையாக நீர் கழிகின்றது. தசைக்கு வேண்டிய குருதியை அனுப்ப இருதயம் முன்னிலும் அதிகமாகத் துடிக்கவேண்டியிருக்கின்றது. கொழும்பைப்போல் ஈரலிப்பு மிகுந்த கடற்கரை நகரங்களில் வியர்வை உலர்வதில்லை. உலராத வியர்வை உடலைக் குளிர்விப்பதுமில்லை. ஆகவே மார்கழி விடியலிற் காலிமுகத் திடலில் இலேசாக ஓடிய வேகத்தையே சித்திரை மாத மாலையிலும் பிடிக்க முயல்பவர், தம்மையறியாமற் கடின முயற்சிக்குள் புகுந்துவிடுகின்றார். 6,000 அடிக்கு மேலுள்ள நுவரெலியாவிற் குளிர் உதவும். ஏற்றமும் மெல்லிய காற்றும் அந்த உதவியைப் பறித்துக்கொள்ளும். புதிய சூட்டுக்கு உடல் இணங்கப் பத்துப் பதினான்கு நாட்கள் செல்லும். அதுவரையில் மணிக்கூட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போவது மேல்.

இதனைப் புறக்கணித்தால் நேரக்கூடியதை 1954ஆம் ஆண்டு ஓகஸ்ட் 7ஆந் திகதி வன்கூவர் நகரில் உலகம் கண்டது. இங்கிலாந்தின் ஜிம் பீற்றர்ஸ் அக்காலத்தின் மிகச் சிறந்த மரதன் வீரர். அவ்வாண்டு யூன் மாதத்திலேதான் 2 மணி 17 நிமிடம் 39 செக்கனில் ஓடி, அதுவரை எவரும் காணாத நேரத்தைப் பதிவுசெய்திருந்தார். பேரரசு விளையாட்டு விழாவிலே கொளுத்தும் வெயிலிலும் அவர் தம் வழக்கமான வேகத்தை விடவில்லை. மைதானத்துக்குள் நுழைந்தபோது அடுத்தவரைவிட ஏறத்தாழ 17 நிமிடம் முந்தியிருந்தார். ஆயின் அங்கே கால்கள் பின்னின. விழுந்தார்; எழுந்தார்; மறுபடியும் விழுந்தார். பதினொரு நிமிடத்தில் அவரால் ஏறத்தாழ 200 யார் தூரமே போக முடிந்தது. எல்லையைத் தொடாமலே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். உயிர் தப்பினார்; அதன்பின் போட்டியில் ஓடவேயில்லை. அடுத்தவரைவிடப் பதினேழு நிமிடம் முந்தியிருந்தவருக்கு வேகத்தைக் குறைக்கத் தாராளமாக இடமிருந்தது என்பதுதான் இதில் நெஞ்சை உறுத்துவது.

உடலின் உணர்வு எப்போதும் உண்மையே பேசும் என்று கொண்டுவிடவும் கூடாது. புறப்பட்ட முதற் சில நிமிடங்களில் அது நன்றாகப் பொய்சொல்லும். இதற்குச் சான்றும் அதே 1954இலேயே கிடைக்கின்றது. மே மாதம் 6ஆந் திகதி, ஒக்ஸ்போட் நகரில், றொஜர் பானிஸ்டர் நான்கு நிமிடத்துக்குள் ஒரு மைல் ஓட முனைந்தார். வேகத்தை நிர்ணயிக்க முன்னே ஓடியவர் கிறிஸ் பிறாஷர். உடலில் ஊக்கம் ததும்பி நின்ற பானிஸ்டருக்கு அந்த வேகம் மந்தமாகத் தோன்றிற்று, "இன்னும் வேகமாக!" என்று பின்னாலிருந்து கூவினார். பிறாஷர் செவிசாய்க்கவில்லை. முதற் சுற்று முடிந்தபோது மணிக்கூடு காட்டியது 57.5 செக்கன், வேண்டியதோ சுற்றுக்கு அறுபதுதான். அடுத்த மூன்று சுற்றுகளும் முறையே 60.7, 62.3, 58.9 செக்கன்களில் முடிந்தன. மொத்தம் 3 நிமிடம் 59.4 செக்கன். பிறாஷர் அன்று இணங்கியிருந்தால் மூன்றாவது சுற்றில் என்ன நேர்ந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

தசைகள் உடனே வேலையைத் தொடங்கிவிடுகின்றன. இருதயமும் சுவாசமும் அவற்றை எட்டிப்பிடிக்கச் சில நிமிடங்கள் செல்கின்றன. அந்த இடைவெளியில் எல்லா வேகமும் இலேசாகவே தோன்றும். ஆதலால் முதற் பத்து நிமிடத்தை, வேண்டுமென்றே, நாணும் அளவுக்கு மெதுவாக ஓடிக் கழிப்பவரே தம் உண்மையான வேகத்தைக் கண்டுகொள்வார். புதிதாகத் தொடங்குபவர் இரண்டு நிமிடம் ஓடி, இரண்டு நிமிடம் நடந்து, மாறிமாறிச் செல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நெடுந்தூர ஓட்டங்களில் முதலில் அகலக்கால் வைப்பவர் பின்னர் வட்டியோடு கொடுக்கவேண்டியிருக்கும். ஒரு கிலோமீற்றர் ஓட, உடல் நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் ஏறத்தாழ ஒரு கிலோகலோரி செலவாகும். 60 கிலோகிராம் நிறையுள்ளவர் மரதனின் 42 கிலோமீற்றரையும் ஓடி முடிக்க 2,500 கிலோகலோரி வேண்டும். ஈரலிலும் தசையிலும் சேமித்துவைத்துள்ள கிளைக்கோசனோ ஏறத்தாழ 2,000 கிலோகலோரிக்கே போதும். எஞ்சியதைக் கொழுப்பு கொடுக்கவேண்டும். வேகம் கூடுமளவுக்கு உடல் கொழுப்பை விட்டுக் கிளைக்கோசனையே கேட்கும். தொடக்கத்தில் விரைந்தவருக்கு முப்பதாவது கிலோமீற்றரை அடுத்துக் கால்கள் ஈயமாவது இதனால்தான். தலைசிறந்த வீரர்களும் இக்கணக்கிலிருந்து தப்பவில்லை. 2022இல் பேர்லின் நகரில் எலியுட் கிப்சோகே முதற் பாதியை 59 நிமிடம் 51 செக்கனிலும், இரண்டாம் பாதியை 61 நிமிடம் 18 செக்கனிலும் ஓடி உலக சாதனை படைத்தார். மறு ஆண்டு சிக்காகோவில் கெல்வின் கிப்டும் 60 நிமிடம் 48 செக்கனில் முதற் பாதியை முடித்து, இரண்டாம் பாதியை 59 நிமிடம் 47 செக்கனில் ஓடி அச்சாதனையை முறியடித்தார்.

எப்போதும் மெதுவாகவே ஓடவேண்டுமா என்றால், இல்லை. சுவீடன் பயிற்சியாளர் கோஸ்டா ஹோல்மர் 1930களில் வகுத்த வேக விளையாட்டு என்னும் முறை, பொழுதுபோக்காக ஓடுபவருக்கு மிகப் பொருந்தும். காட்டுப் பாதையில் ஓடும்போது மனம் விரும்பிய இடத்தில், அதோ தெரியும் மரம்வரை, அல்லது அந்தத் திருப்பம்வரை விரைந்து ஓடி, பிறகு மூச்சுத் திரும்பும்வரை மெதுவாகச் செல்வதே அம்முறை. கிழமைக்கு ஒருமுறை இப்படி ஓடினால் உடம்புக்கும் நல்லது, மனத்துக்கும் நல்லது.

கடினமும் இலேசும் எந்த அளவிற் கலக்கவேண்டும் என்பதை, நோர்வேயிற் பணியாற்றிய அமெரிக்க அறிஞர் ஸ்டீபன் சைலர் ஆராய்ந்தார். பல துறைகளிலும் உள்ள உயர்தர வீரர்களின் பயிற்சியில் ஏறத்தாழ 80 சதவீதம் இலேசான முயற்சியாகவே இருந்ததை அவர் கண்டார். பொழுதுபோக்கு ஓட்டக்காரர் பலரிடம் இந்த வேறுபாடே காணப்படுவதில்லை. இலேசான நாளிலும் சற்றுக் கடினமாக ஓடுகின்றனர். அதனாற் களைத்து, கடினமான நாளிலும் வேண்டிய வேகத்தை எட்டமுடியாது போகின்றனர். எல்லா நாளும் ஒரே நாளாகிவிடுகின்றது. இக்குற்றம் அவர்களுக்கு மட்டும் உரியதன்று. கார்ல் பொஸ்டர் என்னும் அமெரிக்க ஆய்வாளர், பயிற்சியாளர் இலேசாக ஓடச் சொன்ன நாட்களில் வீரர்கள் அதைவிடக் கடினமாகவும், கடினமாக ஓடச் சொன்ன நாட்களில் அதைவிட இலேசாகவும் ஓடியதைக் கண்டறிந்தார்.

அதே பொஸ்டர் எளிய கணக்கு முறையொன்றையும் வகுத்தார். ஓடி முடித்து அரை மணித்தியாலத்தின் பின், அன்றைய முயற்சி பத்துக்கு எவ்வளவு என்று தம்மைத் தாமே கேட்டு, அந்த எண்ணை ஓடிய நிமிடங்களாற் பெருக்கிக் குறித்துக்கொள்ளவேண்டும். 40 நிமிடம் மூன்றளவு முயற்சியில் ஓடியவருக்கு 120. 30 நிமிடம் ஏழளவில் ஓடியவருக்கு 210. குறைந்த நேரம் ஓடியவரே அதிகமாக வருந்தியுள்ளார் என்பது உடனே தெரிகின்றது. ஒரு கொப்பியும் பென்சிலும் போதும். கிழமைக் கூட்டுத்தொகை திடீரென்று ஏறினால், அடுத்த கிழமை அடக்கிக்கொள்ளலாம். நெஞ்சிலே இறுக்கம், தலைச்சுற்று, இயல்புக்கு மாறான இளைப்பு என்பன தோன்றினால் கணக்குப் பார்த்துக்கொண்டிராது, ஓட்டத்தை நிறுத்தி வைத்தியரிடம் செல்லவேண்டும். இருதய நோயோ நீரிழிவோ உள்ளவர்கள் தொடங்குமுன்பே அவரைக் கேட்டுக்கொள்ளவேண்டும்.

மணிக்கூட்டுக்கு உரிய வேலை மாதத்துக்கு ஒருமுறை வருகின்றது. அதே பாதையில், அதே விடியற்பொழுதில், வழக்கம்போலப் பேசிக்கொண்டே ஓடி, எடுத்த நேரத்தைக் குறித்துக்கொள்ளலாம். இரண்டு மூன்று மாதங்களில், பேச்சுத் தடைப்படாமலே இரண்டொரு நிமிடம் குறைந்திருக்கும். குறையாவிட்டால், முந்திய இரவின் தூக்கத்தையும் அன்றைய வெக்கையையும் முதலில் விசாரித்துவிட்டு, அடுத்த மாதம் மறுபடி பார்க்கலாம்.